முந்நூறு வீட்டு அழுகை

எங்கள் வட்டாரத்தில் ஆள்தொகை கூடாமல் நின்று இருபது வருஷம் ஆகிறது. ஒருவர் சாகிறார், ஒருவர் பிறக்கிறார், அதோடு சரி. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மிச்சம், பஸ்ஸில் சீட்டு மிச்சம். ஆனால் வீடு மட்டும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் விலை ஏறுகிறதாம். ஏன் ஏறுகிறது என்று கேட்டால், கட்டுகிறார்களே, அதனாலாம். இதைச் சொல்கிறவர்கள் எல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள், எனக்கு இந்த ஞானம் வாய்க்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் சர்க்கார் திடீரென்று முழித்துக்கொண்டது. ஆள் குடியில்லாத வீட்டுக்கு இரட்டை வரி என்றது. ஒரு நகரில் பாதி வீடு காலியாகக் கிடந்தால் அதைக் கட்டியவருக்கு அடுத்த அனுமதி கிடையாது என்றது. நல்ல சட்டம்தான். ஆள் இருக்கிறார்களா என்று யார் போய்ப் பார்ப்பது? வெயிலில் நடக்க அதிகாரிகளுக்கு மனசில்லை. அதனால் ஒவ்வொரு வீட்டு வாசல் நிலைக்கு மேலும் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். வாழ்மானி என்று பெயர். வீட்டுக்குள் கேட்கும் சத்தம், குழாயில் ஓடும் தண்ணீர், அடுப்புச் சூடு, சமையல் வாசனை எல்லாவற்றையும் கவனித்து, உள்ளே ஆள் இருக்கிறது, இல்லை என்று நகராட்சிக்குச் சொல்லிவிடும். கதவைத் தட்டும் வேலை ஒழிந்தது என்று அதிகாரிகள் இனிப்பு சாப்பிட்டார்கள்.

அந்தச் சோம்பேறித்தனத்தின் மேல்தான் வெயிலுமுத்து அண்ணாச்சி பொன்வாசல் நகரைக் கட்டினார். கரிசல்காட்டு நடுவில் முந்நூறு வீடு. வாங்கியவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். ஏற்கெனவே ஆளுக்கு இரண்டு வீடு வைத்திருந்தவர்கள். பால் காய்ச்சக்கூட வரவில்லை. கம்பெனி ஆட்களே வீடு வீடாகப் போய்க் காய்ச்சிவிட்டு, பாலையும் அவர்களே குடித்தார்கள்.

என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் அண்ணாச்சியின் கம்பெனியில் கம்ப்யூட்டர் இஞ்சினியர். கல்யாணமாகி நாங்கள் என் அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். மதினி படியேறி வரும் சத்தத்திலேயே அன்றைக்கு என்ன குறை சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

"இத்தன வீடு பூட்டிக் கெடக்கு. ஒண்ண நமக்கு வாடகைக்குக் கேளுங்களேன்" என்றேன் ஒருநாள்.

"வாடகைக்கெல்லாம் விடமாட்டாவ. நெஜ ஆள வச்சா சுவத்துல ஆணி அடிப்பான், குழாய ஒடைப்பான், காலி பண்ணுன்னா பண்ணமாட்டான். வெல கொறஞ்சிரும்லா. அதுக்குத்தான் குடித்தனம் ஓட்டுதோம்."

"யாரு ஓட்டுதா?"

"அது ஒரு மென்பொருளு. குடித்தனம்னு பேரு. வீட்டுக்குள்ள ஸ்பீக்கர் இருக்கும். குழாயத் தானாத் தெறக்கும், அடுப்பச் சூடாக்கும், தாளிச்ச வாசனைய விடும். புருஷன் பொண்டாட்டி பேசுத சத்தமும் வரும். வாழ்மானி ஆளு இருக்குன்னு எழுதிக்கிடும்."

"ஆளு இருந்தா வெல கொறையும். ஆளு இருக்கமாதிரி இருந்தா வெல கூடும். அப்படித்தான?"

"அப்படித்தான்" என்றார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் வந்திருந்தது. முதலில் நாடக நடிகர்கள் இரண்டு பேரைப் பிடித்துப் பேச்சையெல்லாம் பதிவு செய்து ஓட்டியிருக்கிறார்கள். அந்தப் புருஷனும் பொண்டாட்டியும் ஒருநாள்கூடச் சண்டை போடவில்லை. ஒரு தும்மல் இல்லை, குழம்பு தீயவில்லை. இப்படி ஒரு குடும்பம் உலகத்தில் கிடையாது என்று அந்த இரும்புக் கருவிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நெஜக் குடும்பம் ஒண்ணு அங்க இருக்கணும் செம்பா. அவங்க வீட்ல நடக்கிறத எடுத்து மறுநாள் மத்த வீட்டுக்கெல்லாம் முன்னப்பின்ன கலச்சுக் குடுத்துருவோம். குரல மட்டும் மாத்திருவோம். அண்ணாச்சி நம்மளக் கேக்காவ. இருக்க வீடு சும்மா கெடைக்கும்."

செண்பகவல்லி என்ற என் பேரை அவர் செம்பா என்று சுருக்கினாலே ஏதோ கோளாறு என்று அர்த்தம். ஆனாலும் சரி என்றேன். மதினியின் காலடிச் சத்தத்திலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது.

முதல் வாரம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு இவரைத் திட்டினேன் என்றால், மறுநாள் பக்கத்து வீட்டில் ஒருத்தி கட்டைக் குரலில் அதே வார்த்தைகளால் திட்டுவாள். எதிர்வீட்டில் கீச்சுக்குரலில் இன்னொருத்தி. சாயங்காலம் தெருவில் நடந்தால் எல்லா வாசலிலும் நான் தீயவிட்ட வத்தக்குழம்பின் வாசனை. முந்நூறு வீட்டிலும் என் புருஷன் துண்டைக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவரையே தாங்க முடியவில்லை எனக்கு.

பிறகு நான் உண்டானேன். காலையில் வாந்தி எடுத்தேன். மறுநாள் நகரே வாந்தி எடுத்தது.

அந்தச் சத்தத்தைப் பதிவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கம்பெனியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏதோ அஜீரணம் என்று நினைத்தார்களாம். என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வாழ்மானி அவர்களைவிடக் கெட்டிக்காரக் கருவி. காலை வாந்தி, மாங்காய் கேட்கிற பேச்சு, மத்தியானத் தூக்கம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, பொன்வாசல் நகரில் முந்நூறு கர்ப்பிணிகள் என்று நகராட்சிக்கு எழுதிவிட்டது.

அவ்வளவுதான், மாவட்டமே துள்ளியது. இருபது வருஷமாக நின்றுபோன ஆள்தொகை கிளம்பிவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள். ஒரு அதிகாரிக்குச் சால்வை போர்த்தினார்கள். சத்து மாத்திரைப் பெட்டிகள் லாரியில் வந்து நகர் வாசலில் மலையாகக் குவிந்தன. ஆள்தொகை கூடுகிறது, அதனால் வீடு போதாது என்று அண்ணாச்சிக்கு இரண்டாம் கட்டத்துக்கு அனுமதியும் கிடைத்தது. இத்தனை பேரில் ஒருவர்கூட வந்து ஒரு வயிற்றையும் பார்க்கவில்லை.

சுவர் வார்க்கும் இயந்திரம் ஒன்று வாடகைக்கு வந்து இறங்கியது. கலவையைப் பிழிந்து பிழிந்து தானே சுவர் எழுப்பும் யானை மாதிரி ஒன்று. பூமி பூஜைக்கு நாள் குறிக்கப் போன இடத்தில் அண்ணாச்சியின் ஜோசியர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டிருக்கிறார். எல்லையில் கர்ப்பிணி யாரும் இருக்கிறார்களா என்று.

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்க மாட்டார்கள், மண்ணைத் தோண்ட மாட்டார்கள், புது வீட்டுக்குக் கால்கோள் போட மாட்டார்கள். பிள்ளை பிறக்கும்வரை எல்லாவற்றையும் நிறுத்திவைப்பார்கள். அண்ணாச்சி ஆடிப்போய்விட்டார். எல்லையில் முந்நூறு கர்ப்பிணி. வேலையை அப்படியே நிறுத்தினார். இயந்திரம் தார்ப்பாய்க்குள் படுத்துக்கொண்டது.

"அண்ணாச்சி, அதெல்லாம் நெஜமில்லயே. இவ ஒருத்திதான உண்டாயிருக்கா" என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பை நிறைய மாங்காய்.

"நகராட்சி எழுதிட்டுல்லா. சர்க்கார் ஏட்டுல ஏறுனத, சாமிக்கிட்டப் போய் பொய்க்கணக்குன்னு நான் சொல்லவா? வாய் வெந்துபோகும்."

சர்க்காரை ஏமாற்றக் கூசாத மனுஷன் ஆணி அடிக்கக் கூசினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மாங்காயை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

"தாயி" என்று என் பக்கம் திரும்பினார். "நீ பெத்துட்டா முந்நூறு பேரும் பெத்த கணக்குத்தான. ஆபரேஷன்னா முன்கூட்டியே நாள் குறிச்சிரலாம்லா? நல்ல நேரமாப் பாத்து நானே குறிச்சுத் தாரேன். செலவும் என்னோடது."

"என் வயித்தக் கிழிச்சு உங்க மிஷின ஓட்டணுமாக்கும்" என்றேன். "அது தானா வரும்போது வரும். நீங்க எனக்கு ஒண்ணு செய்யணும் அண்ணாச்சி. எம்பிள்ள சத்தம் எந்த வீட்டுக்கும் போகக்கூடாது. நாங்க திட்டுதது, இருமுதது எல்லாத்தயும் எடுத்துக்கிடுங்க. பிள்ள எனக்கு மட்டுந்தான்."

"அதெப்படித் தாயி எடுப்பேன். எனக்கும் பிள்ளகுட்டி இருக்குல்லா" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். நம்பினேன். அவ்வளவு கூறுகெட்டவளாக இருந்தேன்.

பெண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தீட்டுக் கழித்து வீட்டில் சாம்பிராணி போட்ட மறுநாளே தார்ப்பாயை உருவினார்கள். இயந்திரம் உறுமிக்கொண்டு எழுந்தது. சுவர்கள் வளர ஆரம்பித்தன. பாப்பா அந்தச் சத்தத்திலும் தூங்கினாள்.

ஒரு மத்தியானம் அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுக்களையில் நின்றேன். அழுகை கேட்டது. ஓடிவந்து பார்த்தேன். பாப்பா வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்குகிறாள். அழுகை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அதே அழுகை. மூச்சை ஒருமுறை இழுத்துப் பிடித்துவிட்டுப் பிறகு வீறிடுவாளே, அதே இழுப்பு. மார்பில் பால் சுரந்து ஜாக்கெட் நனைந்துவிட்டது. தூங்குகிற பிள்ளையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் உடம்பை யாரோ வழிப்பறி செய்த மாதிரி இருந்தது. அவ்வளவு ஆத்திரம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே தலை குனிந்திருந்தது.

"அண்ணாச்சி சொல்லித்தான் செஞ்சேன்" என்றார்.

"உம்ம பிள்ளைதான ஐயா அது" என்றேன். அவரை விட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாச்சியைத் தேடிப் போனேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொன்னிய, இப்ப என்ன செய்யுதிய?"

"கோவப்படாத தாயி. முந்நூறு பேரும் வயித்தோட இருந்தாவ. பத்து மாசம் ஆச்சு. பிள்ள எங்கன்னு நகராட்சி கேக்கும்லா? என்னத்தச் சொல்ல? முந்நூறும் தங்கலன்னு சொல்லவா? நல்ல காரியம் நடக்குத எடத்துல அப்படிப் பேசலாமா?"

"கொரலயாவது மாத்தித் தொலையலாம்லா."

"பச்சப்பிள்ள அழுகையில மாத்த என்ன இருக்கு? எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கும்."

"பெத்தவளுக்கு ஒண்ணுபோல இருக்காது."

இளநீரைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்தார். "பிடிக்கலன்னா வேற வீடு பாத்துக்கிடுங்க" என்று கையை வீசிக் காட்டினார். அந்தக் கை எந்தப் பக்கம் போனாலும் வீடுதான். பூட்டிய வீடு, பாதி முளைத்த வீடு, நாளைக்கு முளைக்கப்போகிற வீடு. அதில் ஒன்றில்கூட எங்களை விடமாட்டார்கள். மாடி அறையை மதினி எப்போதோ அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டாள். திரும்பி வந்தேன். வழியெல்லாம் என் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள், தோளில் தூங்கியபடி.

அதற்குப் பிறகு என் பாடு ஓட்டம்தான். அழுகை கேட்கும், ஓடுவேன், தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்புவேன், இன்னொரு வீட்டில் கேட்கும். பால் அதுபாட்டுக்குச் சுரந்து வழியும். நிஜமாகவே அவளுக்குப் பசிக்கும்போது மார்பு காலியாக இருக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னால் ஜன்னலைச் சாத்திக்கொள் என்றார். முந்நூறு வீட்டில் பிள்ளையை அழவிட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொல்கிற மூளையை என்ன செய்வது.

கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். காதைப் பழக்கினேன். பக்கத்து நாலாம் நம்பர் வீட்டு அழுகை சுவரில் பட்டு வரும், கொஞ்சம் அடைத்த மாதிரி இருக்கும். எதிர்வீட்டு அழுகைக்கு லேசான எதிரொலி உண்டு. பின்வீட்டு எட்டாம் நம்பர் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல வரும். இரண்டு மாதத்தில் கேட்ட மாத்திரத்தில் எந்த வீடு என்று சொல்லிவிடுவேன். வெட்டி ஓட்டம் நின்றது. பாலும் கண்ட அழுகைக்கெல்லாம் சுரப்பதை நிறுத்திக்கொண்டது. இஞ்சினியர்கள் கூடிச் செய்த அக்கிரமத்தை ஒற்றைப் பொம்பளை காதாலேயே ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

ஒருநாள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"பிள்ள அழுதுட்டுக் கெடக்கே."

"அது எட்டாம் நம்பரு" என்றேன்.

உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்து என் மடியில் கொடுத்தார். முகமெல்லாம் கண்ணீர். "இப்பத்தான் ஆரம்பிச்சிருப்பா" என்றேன். அவர் துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனார்.

நேற்று முன்தினம் காலையில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இந்த நகருக்கு நாங்கள் வந்து இவ்வளவு காலத்தில் ஒருவர் கதவைத் தட்டியது அதுதான் முதல்முறை. வேர்த்து விறுவிறுத்து ஒரு அம்மாள் நின்றார். குழந்தைகள் நல அலுவலர், பேர் ஜெசிந்தா என்றார். திருச்சிப் பக்கத்துப் பேச்சு. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். பாப்பாவை அப்போதுதான் உள் அறைத் தொட்டிலில் போட்டிருந்தேன்.

"காலையிலேர்ந்து ஒவ்வொரு கதவாத் தட்றேம்மா. ஒரு தாய்கூடத் திறக்கல" என்றார். "இந்த நகர் பூரா குழந்தைங்க அழுதுக்கிட்டே இருக்கு, யாரும் தூக்கறதில்லன்னு வாழ்மானி புகார் அனுப்பியிருக்கு. ஒரு வீடு ரெண்டு வீடில்ல, முந்நூறு வீடு. என் சர்வீஸ்ல இப்படி நான் கேள்விப்பட்டதே இல்ல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதவைத் தட்ட ஒருவழியாக ஒரு ஆள் வந்துவிட்டது. விட்டேனா? உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். குடித்தனம் என்ற பித்தலாட்டம், முந்நூறு வாந்தி, மாத்திரைப் பெட்டி, சால்வை போர்த்திக்கொண்ட அதிகாரி, ஆணி அடிக்கப் பயந்த அண்ணாச்சி, பிள்ளை அழுகையைத் திருடிக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். "அங்க பிள்ளயும் இல்ல, தாயும் இல்ல. வெறும் ஸ்பீக்கரு. வேணும்னா பூட்ட ஒடைச்சுப் பாருங்க. அந்த அண்ணாச்சியப் பிடிச்சு உள்ள போடுங்க."

ஜெசிந்தா மேடம் மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். முட்டாள் பொம்பளை இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அப்ப எல்லாம் உங்க வீட்லேர்ந்துதான் போகுது."

"எல்லாம் இங்கருந்துதான். நான் தும்முனா அங்க தும்மும்."

"அவங்களாச் சேக்கறது ஒண்ணும் கிடையாதா?"

"அதுக்கு மூளை வேணும்லா. முன்னப்பின்ன கலைப்பாவ, கொரல மாத்துவாவ. அம்புட்டுத்தான்."

"அப்ப..." என்று நிறுத்தினார். தம்ளரைக் கீழே வைத்தார். "குழந்தை அழுதா தாய் வந்து தூக்கற சத்தமும் இங்கேர்ந்துதானம்மா போகணும். அது ஏன் போகல?"

என்ன கேள்வி கேட்கிறாள் இவள் என்று இருந்தது. சர்க்கார் ஆட்களுக்கு எங்கே சுற்றினாலும் கடைசியில் வீட்டில் இருக்கிறவளைத்தான் பிடிக்கத் தெரியும். நான் பிள்ளையைப் பார்க்கிற லட்சணத்தை இந்த அம்மாளுக்கு விளக்க வேண்டுமாக்கும். நான் காதைப் பழக்கின கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அப்போது அழுகை கேட்டது. ஜெசிந்தா மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"அதக் கண்டுக்காதிய" என்றேன். "நாலாம் நம்பரு. அடைச்ச மாதிரி இருக்கு பாருங்க, சுவத்துல பட்டு வருது. கேட்டுக் கேட்டு எனக்கு இப்ப எல்லாம் அத்துப்படி. மொதல்ல நானும் பைத்தியக்காரி மாதிரி ஓடுவேன். பால் வேற வழிஞ்சுக்கிட்டே இருக்கும். இப்ப எம்பிள்ள அழுதா மட்டுந்தான்..."

அவர் எழுந்து உள் அறைக்குப் போனார். நான் பேசிக்கொண்டிருந்தேன். அழுகை தேய்ந்து விக்கலாக மாறியதைக் கேட்டுத்தான் என் பேச்சு நின்றது.

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவள் முகம் சிவந்து, தலைமுடி வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. விக்கி விக்கி அந்த அம்மாளின் கழுத்தைப் பிடித்திருந்தாள்.

எழுந்து இரண்டு கையையும் நீட்டினேன். ஜெசிந்தா மேடம் என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையை எனக்கு எட்டாத மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.